1805 ஆடியிலிருந்து தொடங்குங்கள்: பழைய காலத்தைப் படிக்க ஒரு சேலத்து வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறோம். தடியான ஓர் இந்திய வரலாற்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கர்நாடகப் போர்கள் முடிவதற்குள் புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

சேலத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாசல் ஒன்று இருக்கிறது. 1805-ஆம் வருடத்து ஆடி மாதம். அந்த மாதத்தில்தான் சங்ககிரிக் கோட்டையில் கொங்குப் பாளையக்காரர் தீரன் சின்னமலையைக் கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், தூக்கிலிட்டார்கள். அதே 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சீமாட்டி ஒருத்தி வீட்டு விருந்தில், தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' தொடங்குகிறது. அந்த விருந்தில் எல்லார் வாயிலும் நெப்போலியன் பேச்சு. இங்கே சங்ககிரியில் நடந்ததற்கும் எங்கோ ஒரு மூலையில் நெப்போலியனுக்குத் தொடர்பு உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்தாறு பேர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் கூடி, தட்டுவடை செட்டும் கையுமாகப் படிக்கிறவர்கள். யாரும் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு தாள், ஆறு வருடங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஆறு வருடங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு போதும். அறுபது எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. தோற்ற திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கிறார். நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாளர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

1799. மே 4, திப்பு கோட்டை வாசலில் சண்டையிட்டு இறக்கிறார். 1805, சங்ககிரி. 1806, வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சி. 1815, வாட்டர்லூ. 1820, மன்றோ சென்னை ராஜதானியின் கவர்னராகிறார். அதே வருடம் எம். டி. காக்பர்ன் சேலத்துக்குக் கலெக்டராக வருகிறார். ஏற்காட்டுக்குக் காபி வந்தது இவர் கையால்தான்.

இப்போது நெப்போலியன். 1798-ல் அவர் எகிப்தில் இறங்கியதும், அடுத்து திப்புவோடு சேர்ந்துகொள்வாரோ என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைக் காட்டித்தான் 1799-ல் மைசூர்மேல் படையெடுத்தார்கள். திப்பு போனதும் கொங்குப் பாளையக்காரர்களுக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆறு வருடத்தில் சின்னமலையும் போய்விட்டார். கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவர். பதினாறு வருடம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு இதே ஆள்தான். எங்களுக்கு இது தெரிந்த அன்று ஒரு மணி நேரம் வேறெதுவும் படிக்கவில்லை. உலக வரலாறு என்று தனியாக ஒன்றைத் தேடிப் போக வேண்டாம், சங்ககிரியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அது வாட்டர்லூ வரைக்கும் வருகிறது.

தேதி என்றால் எந்தக் காலண்டர்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நான் சறுக்கிய கதையையே சொல்கிறேன்.

சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31 என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஆடி 18 அன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அரசு விழாவும் ஆடிப்பெருக்கு அன்றுதான் நடக்கிறது. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் அல்லவா வரும்? "பார்த்தீர்களா, வாய்மொழி வரலாறு இப்படித்தான், வசதியான பண்டிகை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்" என்று நான் கூட்டத்தில் பெரிதாகப் பேசினேன். எங்களில் மூத்தவர் ஒருவர், தகப்பனார் கர்ணமாக, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, ரெண்டும் ஒரே நாளுதான். நீங்க இன்னிக்குக் காலண்டரை வெச்சுக்கிட்டு அன்னிக்கு ஆடியைத் தேடறீங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் மாதங்கள் நட்சத்திர மண்டலத்தில் சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறக்கின்றன. ஆங்கிலக் காலண்டர் பருவத்தை ஒட்டி ஓடுகிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு ஒரு நாள் இடைவெளி விழும். 220 வருடத்துக்கு மூன்று நாள். இன்று ஆகஸ்ட் 3 வாக்கில் வரும் ஆடி 18, அன்றைக்கு ஜூலை 31 வாக்கில் வந்திருக்கிறது. ஊர் சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. நான்தான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது, மேற்கு ஐரோப்பாவுக்கு 12 நாள் பின்னால். பொரோதினோ போர் ரஷ்யர்களுக்கு 1812 ஆகஸ்ட் 26, பிரெஞ்சுக்காரர்களுக்கு செப்டம்பர் 7. அப்படியானால் தல்ஸ்தோய் சொல்லும் 1805 ஜூலை, நம் கணக்கில் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 12 வரை. அதாவது ஒரு நாள் முன்னே பின்னே, அப்படியே ஆடி மாதம்!

வருவாய்க் கணக்குகளில் மூன்றாவதாக ஒரு வருடம் வரும், பசலி. தாலுக்கா ஆபீசில் ஜமாபந்திக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ஜூலையில் பிறக்கும் பசலி வருடத்தோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும். பசலி 1230 என்றால் 1820-21. இதை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

பணமும் ஊர்ப் பெயரும்

1818 வரை சென்னை ராஜதானியில் கணக்கு வராகனில்தான். ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-ல் ரூபாய்க்கு மாறியபோது ஒரு வராகனை மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். இங்கிலாந்துக் கணக்கில் வராகன் ஏறக்குறைய 8 ஷில்லிங், பவுனுக்கு 20 ஷில்லிங். ஜேன் ஆஸ்டினின் நாவலில் டார்சி என்ற கனவானுக்கு வருடம் 10,000 பவுன் வருமானம் என்று படித்ததும் ஊர்ப் பெண்களின் தாய்மார்கள் ஏன் அப்படி மயங்குகிறார்கள் என்று முதலில் புரியாது. 25,000 வராகன் என்று மாற்றிப் பாருங்கள், புரிந்துவிடும். இன்றைய ரூபாயில் எவ்வளவு என்று மட்டும் மாற்றாதீர்கள். அரிசி விலை ஒரு பதில் சொல்லும், தங்கம் விலை வேறொரு பதில் சொல்லும். அந்தக் காலத்துப் பணத்தை அந்தக் காலத்துப் பணத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் தனித் தலைவலி. வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். சங்கரிதுருக் என்றால் சங்ககிரி துர்க்கம். ஷெவராய் என்றால் சேர்வராயன். வாய்விட்டுப் படித்தால் பாதி பெயர் பிடிபட்டுவிடும். இணையத்தில் தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையே போட வேண்டும், இப்போதைய எழுத்துக்கூட்டலைப் போட்டால் ஓட்டல்களும் ரிசார்ட்டுகளும்தான் வந்து நிற்கும்.

'சேலம் ஜில்லா' என்று வந்தால் இன்றைய மாவட்டத்தை நினைக்காதீர்கள். தர்மபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல். கிருஷ்ணகிரியும் திருப்பத்தூரும்கூட அந்தப் பழைய சேலத்துக்குள் அடங்கியவை. காவிரிக் கரையைப் பற்றிப் படித்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: 1934-ல் மேட்டூர் அணை வந்து பழைய கரையோர ஊர்கள் சில தண்ணீருக்குள் போய்விட்டன.

சொற்களிலும் ஏமாறக் கூடாது. கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. கச்சேரி என்றால் பாட்டு இல்லை, ஆபீஸ். துபாஷி என்றால் இரண்டு மொழி பேசி, துரைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று காரியம் முடிப்பவர். கதையானாலும் ஆவணமானாலும் துபாஷி வந்தால் கவனமாகப் படியுங்கள், துரை காதுக்குப் போனதெல்லாம் அவர் வழியாகப் போனதுதான்.

கதையை எப்போது எடுப்பது?

தாள் தயாரானதும் எடுக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தமிழில் நாவல் கிடையாது. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879-ல். அவர் பிறந்ததே 1826-ல்தான். ஆகவே சின்னமலை காலத்தை வைத்து வந்த தமிழ் நாவல்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் கற்பனை செய்து எழுதியவை. அன்றைக்கே தமிழில் அச்சேறிய கதை என்ன என்று கேட்டால், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு. 1822-ல் லண்டனில் அச்சானது. அதுவும் அவர் இறந்து எழுபத்தைந்து வருடம் கழித்து!

அதனால் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த நாவலை எடுத்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு வருடங்களை எழுதுவோம்: கதை நடக்கும் வருடம், எழுதிய வருடம். ஆஸ்டினுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. தல்ஸ்தோய் எழுதியது 1860-களில். தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' வாட்டர்லூ காலத்தைச் சொன்னாலும் வந்தது 1847-48-ல். தல்ஸ்தோயும் தாக்கரேயும் தங்கள் அப்பா காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையில் ஏக்கமும் இருக்கும், கிண்டலும் இருக்கும். அதை அந்தக் காலத்தின் குரல் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

வேனிட்டி ஃபேரில் ஜோஸ் செட்லி என்று ஒரு குண்டு மனிதர் வருகிறார். வங்காளத்தில் கலெக்டராக இருந்து பணத்தோடு ஊர் திரும்பியவர். ஆஸ்டினின் 1811 நாவலில் கர்னல் பிராண்டன் கிழக்கு நாடுகளில் இருந்து வந்தவர், அவருடைய பல்லக்குக் கதைகளை ஓர் இளைஞன் கேலி செய்வான். இங்கிலாந்து வாசகர்களுக்கு இவர்கள் ஓரத்தில் நிற்கும் சில்லறைப் பாத்திரங்கள். சேலத்தில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு அப்படி இல்லை. நாவலில் அவர்கள் வாய் திறக்காமல் விட்ட பாதி வாழ்க்கை நம் பக்கத்துக் கச்சேரியில்தான் நடந்தது. அந்தப் பாதியைத் தேடித்தான் அடுத்து ஆவணத்துக்குப் போகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'போரும் அமைதியும்' நாவலை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று சபதம் எடுக்க வேண்டாம். முதல் பாகம் படித்துவிட்டு வைத்துவிடலாம், பாவம் இல்லை. தமிழில் கிடைக்கிறது.

ஆவணம், அதாவது கலெக்டர்களின் எழுத்து

சேலத்துக்கு மூன்று பெரிய புத்தகங்கள். முதலாவது பாராமகால் ரிக்கார்டுகள், ரீடும் அவருடைய ஆட்களும் எழுதி வைத்த குறிப்புகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சானவை. குடிமக்கள், விளைபொருள், சொத்து, வரி என்று தலைப்பு வாரியாக இருக்கும். அடுத்து லெ ஃபானு 1883-ல் வெளியிட்ட சேலம் ஜில்லா மானுவல். பிறகு ரிச்சர்ட்ஸின் 1918 கெஜட்டியர். மூன்றுமே ஆங்கிலம். காப்புரிமைக் காலம் கடந்த பழைய நூல்களை இணையத்தில் ஸ்கேன் பிரதிகளாகத் தேடலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன. ஒரு நூலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தொகுதிக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். கடைசியில் கையில் வந்தது வேறு மாவட்டத்தின் கெஜட்டியர். அதிலிருந்து முதலில் வீட்டிலிருந்தே தேடிவிட்டுத்தான் வெளியே கிளம்புகிறேன்.

இந்த மூன்றில் மானுவலிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். உங்கள் தாலுக்கா எந்த அத்தியாயத்தில் வருகிறதோ அதை மட்டும் படியுங்கள். ஓமலூர்க்காரருக்கு ஓமலூர், ஆத்தூர்க்காரருக்கு ஆத்தூர். தெரிந்த ஏரி, தெரிந்த கோட்டை வந்தால் ஆங்கிலம் தானாக வழிவிடும்.

இப்போது எச்சரிக்கை. எழுதியவர் வரி வசூல் செய்ய வந்தவர் என்பதை மறக்கக் கூடாது. ஓர் உதாரணம், மிட்டா. இந்தச் சொல் சேலத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் வரும், மிட்டாதார் வீடு என்பார்கள். 1800-களின் தொடக்கத்தில் வங்காளத்து ஜமீன் முறையைப் பார்த்து, சேலத்து ஊர்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். அந்தக் கட்டுதான் மிட்டா. எடுத்தவர்களில் பலர் வரி கட்ட முடியாமல் விட்டார்கள், நிலம் சர்க்காருக்கே திரும்பியது. பிறகு பயிரிடுபவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து நிலைத்தது. ரீடும் மன்றோவும் பாராமகாலில் வார்த்தெடுத்த முறை அது. நாம் படிக்கும் மிட்டா கதை பெரும்பாலும் ரயத்துவாரியில் ஊறிய அதிகாரிகள் எழுதியது. அதில் மிட்டாதார் எப்போதும் கையாலாகாதவராக அல்லது கொடுமைக்காரராக வருவார். வரியே கட்ட முடியாத அளவுக்கு இருந்ததா என்ற கேள்வி அவ்வளவு சத்தமாகக் கேட்காது. அந்தக் கேள்வியை நீங்கள் பக்க ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகாரி இல்லாதவர் என்றால் நம்பலாமா? அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாரைப் பாருங்கள். தென்னிந்தியர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியைக் கும்பினி அவரிடம் 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. நேரில் பார்த்து எழுதியது என்று வெகுகாலம் கொண்டாடினார்கள். அதில் பெரும்பகுதி அவருக்கு முன் இங்கே இருந்த கெர்தூ என்ற யேசு சபைப் பாதிரியாரின் எழுத்து என்று பிறகு ஆராய்ச்சியில் தெரிய வந்தது. படியுங்கள், ஆனால் "துபுவா பார்த்தார்" என்று எழுதாதீர்கள்.

வாய்மொழிக் கதைக்கும் இதே விதிதான். தீரன் சின்னமலை திப்புவுக்குப் போகும் வரிப்பணத்தை வழிமறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல்லுங்கள் என்றாராம். அதே ஆள் பின்னால் திப்புவுக்குத் துணையாகப் போனார் என்றும் மரபு சொல்கிறது. இது முரண் என்று ஒன்றை அழிக்கத் தேவையில்லை. சின்னமலைக்குத் திப்பு முதலில் ஆதிக்கம் செய்பவன், பிறகு பொது எதிரிக்கு எதிராகக் கூட்டாளி. பாளையக்காரர் அரசியல் அப்படித்தான் நடந்தது.

தவறு கண்டுபிடிக்கும் விளையாட்டு

புதியவர்களுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கிறது. நாவலில் காலத்துக்குப் பொருந்தாத பொருளைப் பிடிப்பது. 1805 சேலத்து வீட்டில் யாராவது தீப்பெட்டியை உரசினால் தவறு, உரசும் தீக்குச்சி 1820-களின் பிற்பகுதியில்தான் இங்கிலாந்திலேயே வந்தது. சுவரில் போட்டோ மாட்டியிருந்தால் தவறு. தபால்தலை ஒட்டினால் தவறு, இங்கே அது 1854-ல். மரவள்ளிக் காட்டைக் கடந்து குதிரையில் போனால், நம் ஊர் ஜவ்வரிசித் தொழில் 1940-களில் வளர்ந்தது என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். டபரா டம்ளரில் காபி வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். மிளகாய் இருக்கலாம், அது போர்ச்சுகீசியர் காலத்திலேயே வந்துவிட்டது.

அளவோடு விளையாடுங்கள். நல்ல நாவல் ஒரு தீக்குச்சியால் கெட்டுப்போகாது. 1805-ஆம் வருடத்து மனிதன் 2005-ஆம் வருடத்து மனிதனைப் போல யோசிப்பதுதான் பெரிய தவறு. அதைக் கண்டுபிடிக்க எந்த அட்டவணையும் உதவாது.

நடந்து பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

சங்ககிரிக்கு முன் ஏற்காடு போவது நல்லது, ஏனென்றால் அது சுலபம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே காக்பர்ன் காலத்தில் இந்தச் சாலை இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள், காய்ச்சலுக்குப் பயந்தவர்களும் இருந்தார்கள். காக்பர்ன் காபி நட்ட கிரேஞ்ச் எஸ்டேட் பெயர் இன்றும் இருக்கிறது. ஆனால் மலையை அவரிலிருந்து தொடங்காதீர்கள். சேர்வராயன் கோயில் அவருக்கு முன்பே இருந்தது, அந்தச் சாமியைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் அதற்கும் முன்பே இருந்தார்கள். கெஜட்டியரில் அவர்கள் பழக்கவழக்கங்களாக வருகிறார்கள், எஸ்டேட் கணக்கில் கூலியாக வருகிறார்கள். அவர்களில் ஒருவர் 1825-ல் காபிச் செடியை முதல்முறை பார்த்து என்ன நினைத்தார் என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நாவலாசிரியர் தேவைப்படுகிறார்.

திரும்பும் வழியில் மேற்கே கஞ்சமலை தெரியும். அந்த இரும்புக் கல்லை நம்பிக் கும்பினி வேலையை விட்டவர் ஜோசியா மார்ஷல் ஹீத். பரங்கிப்பேட்டையில் ஆலை போட்டார், ஆலை அவரை வாழவைக்கவில்லை. 1839-ல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அது ஷெஃபீல்டுக்காரர்களைப் பணக்காரர்களாக்கியது, அவருக்கு வழக்குதான் மிச்சம். நாவல் எழுத நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரிக்கு ஆடி 18 அன்று போகாதீர்கள். அன்று மாலைகளும் கார்களும் கூட்டமும்தான் இருக்கும், படிக்கவோ பார்க்கவோ முடியாது. மார்கழி, தை மாதத்தில் ஒரு காலையில் போங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும், தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். கையில் மானுவலில் சங்ககிரி வரும் நாலு பக்கத்து நகல் போதும். ஒவ்வொரு வாசலாகக் கடந்து போகும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர்கள் சுவரைத் தொட்டுப் பார்ப்போம். போன தடவை பாதி வழியில் அந்தக் கர்ணம் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க தம்பி, இதுக்கு மேல எனக்குப் புஸ்தகமே போதும்" என்றார். நாங்கள் இறங்கி வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, தல்ஸ்தோயின் இரண்டாம் பாகத்தில் நாற்பது பக்கம் தாண்டியிருந்தார்.